ஜெயிலா, புருஷன் வீடா? 22 வயதில் 'நோ' சொன்ன ருக்மாபாய்!

உங்களுக்கு 22 வயசுன்னு வெச்சுக்கோங்க. கோர்ட் உங்க முன்னாடி ரெண்டே ரெண்டு வழியை வைக்குது. ஒண்ணு, 11 வயசுல உங்களைக் கேட்காமலேயே கட்டி வெச்ச ஆளோட போய்க் குடும்பம் நடத்தணும். இல்லைன்னா, ஆறு மாசம் ஜெயிலுக்குப் போகணும். மூணாவது வழி கிடையாது. ஊர் முழுக்க உங்களைப் பத்தித்தான் பேச்சு. பத்திரிகைகள்ல உங்க பேரு. அந்தக் காலத்துல நல்ல குடும்பத்துப் பொண்ணு பேரு பேப்பர்ல வர்றதே பெரிய அசிங்கம்னு நினைச்சாங்க. உங்க அப்பா உயிரோட இல்லை. அப்பா மாதிரி வளர்த்தவரும் இல்லை.

என்ன பண்ணுவீங்க?

1887 மார்ச் 4 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் இந்தக் கேள்வியைத்தான் ஒரு பொண்ணு முன்னாடி வைத்தது. அவர் யோசிக்க அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. ஜெயிலுக்கே போறேன் என்று சொல்லிவிட்டார். அவர் பெயர் ருக்மாபாய். மராத்தியில் ரக்மாபாய் என்பார்கள். 2017 நவம்பர் 22 அன்று, அவருடைய பிறந்தநாளில், கூகுள் முகப்பில் அவர் படம் வந்தது. ஸ்டெதஸ்கோப்போடு ஒரு புடவைக்காரம்மா. நம்மில் பலர் யாரோ பழைய டாக்டர் என்று நினைத்துக் கடந்து போயிருப்போம். டாக்டர்தான். ஆனால் அந்த ஸ்டெதஸ்கோப் கைக்கு வருவதற்கு முன் நடந்த கதை கொஞ்சம் நீளம்.

அம்மாவிடமிருந்து ஆரம்பிக்கணும்

ருக்மாபாய் 1864ல் பம்பாயில் பிறந்தார். தச்சர் சமூகம். அப்பா ஜனார்தன் பாண்டுரங். அம்மா ஜெயந்திபாய். அம்மாவின் கணக்கை மட்டும் பாருங்க. 14 வயசில் கல்யாணம். 15 வயசில் குழந்தை. 17 வயசில் விதவை. நம்ம வீட்டில் பிளஸ் டூ முடிக்கிற வயசு அது.

கணவர் விட்டுப்போன சொத்து கொஞ்சம் இருந்தது. அதை ஜெயந்திபாய் மகள் பெயருக்கு மாற்றிவிட்டார். பிறகு சில வருடம் கழித்து மறுமணம் செய்துகொண்டார். உயர்சாதி என்று சொல்லிக்கொண்ட குடும்பங்களில் அன்றைக்கு விதவை மறுமணம் நினைத்தே பார்க்க முடியாது. தலையை மழித்து மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். இவர்கள் சமூகத்தில் அதற்கு வழக்கம் இருந்தது. இந்த விஷயத்தில், 'கீழே' என்று ஒதுக்கப்பட்ட சமூகங்கள் பல இடங்களில் பெண்ணுக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் கொடுத்திருக்கின்றன. நம்ம ஊரிலும் 'அறுத்துக்கட்டுறது' என்று ஒரு சொல் இருந்ததை ஞாபகப்படுத்திக்கோங்க.

அம்மா கல்யாணம் செய்துகொண்டவர் சக்காராம் அர்ஜுன். மனைவியை இழந்தவர், டாக்டர், கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவர். 1883ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தை எட்டுப் பேர் சேர்ந்து ஆரம்பித்தார்கள். அதில் இரண்டே பேர் இந்தியர்கள். ஒருவர் இவர். வீட்டில் புத்தகங்கள், வெளிநாட்டு நண்பர்கள், சீர்திருத்தம் பற்றிய பேச்சு எல்லாம் இருந்தது. சிறுமி ருக்மாபாய்க்கு இது பெரிய அதிர்ஷ்டம்.

ஆனாலும் பாருங்க, இப்படிப்பட்ட வீட்டிலேயே அவருக்கு 11 வயசில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை தாதாஜி பிகாஜி. 19 வயசு. சக்காராம் அர்ஜுனுக்குத் தூரத்துச் சொந்தம், ஏழை. ஏற்பாடு என்னன்னா, அவர் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து இருக்கணும், அவங்க செலவில் படிச்சு நல்லா வரணும். படிச்ச டாக்டருக்கே 11 வயசில் கட்டிவைப்பது தப்பாகத் தோன்றவில்லையா என்று நீங்க கேட்கலாம். எனக்கும் அந்தக் கேள்வி உண்டு. எல்லாரும் செய்வதைச் செய்யாமல் இருப்பதற்கு எவ்வளவு தெம்பு வேணும் என்பதை அந்த வீட்டை வைத்தே புரிஞ்சுக்கலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் சக்காராம் பிடிவாதமாக நின்றார். பெண் வயதுக்கு வந்த கையோடு சாந்தி முகூர்த்தம் வைப்பதுதான் வழக்கம். அவர் வைக்க விடவில்லை. டாக்டராக, சின்ன உடம்பு என்ன பாடுபடும் என்று அவருக்குத் தெரியும். இந்த ஒரு முடிவுதான் பின்னாடி எல்லாவற்றையும் மாற்றியது.

மாப்பிள்ளை படிக்கவில்லை, பொண்ணு படிச்சுது

தாதாஜிக்குப் படிப்பு ஏறவில்லை. 20 வயசு ஆள் சின்னப் பசங்களோடு உட்கார்ந்து படிக்கணும் என்றால் யாருக்கும் கடுப்பாகத்தான் இருக்கும், அதுவும் மாமனார் வீட்டில். அந்த மட்டுக்கும் அவர் மேல் எனக்குக் கொஞ்சம் பரிதாபம் உண்டு. கிளம்பித் தன் மாமா நாராயண் தர்மாஜி வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே கதையே வேறு. மாமா தன் வீட்டிலேயே இன்னொரு பெண்ணை வைத்திருந்தார். தாதாஜி கடனில் விழுந்தார். உடம்பும் கெட்டது. கடனை அடைக்க அவர் கண்ணில் பட்டது மனைவி பெயரில் இருந்த சொத்து.

கல்யாணத்தோடு ருக்மாபாயின் பள்ளிக்கூடம் நின்றது. அது அவருக்குக் கடைசி வரை ஆறாத காயம். ஆனால் படிப்பு நிற்கவில்லை. மிஷன் நூலகம் ஒன்றிலிருந்து புத்தகங்களை வாங்கி வந்து வீட்டிலேயே படித்தார். இங்கிலீஷைத் தானாகவே கற்றுக்கொண்டார். டியூஷன், யூடியூப் எதுவும் இல்லை. வீட்டுக்கு வரும் ஐரோப்பியர்களிடம் பேசிப் பழகினார். பிரார்த்தனை சமாஜம், ஆரிய மகிளா சமாஜம் போன்ற இடங்களின் கூட்டங்களுக்கு அம்மாவோடு போனார். படிக்கப் படிக்க, தன்னைக் கட்டியவர் எப்படிப்பட்டவர், அந்த வீடு எப்படிப்பட்டது என்பதும் தெரிந்துகொண்டே வந்தது. அங்கே போகக் கூடாது என்று அவர் முடிவு செய்தபோது பதின்வயசைக் கூடத் தாண்டவில்லை.

1884 மார்ச்சில் தாதாஜி வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். என் மனைவியை என்னோடு அனுப்புங்க என்று. பதில் வந்தது: அவளை யாரும் தடுக்கவில்லை, அவளுக்கு வர விருப்பமில்லை. அவ்வளவுதான், வழக்கு கோர்ட்டுக்குப் போனது. ருக்மாபாய்க்கு அப்போது 19 வயசு.

திருப்பிக் கொடு என்று கேட்க, முதலில் கொடுத்திருக்கணுமே!

வழக்கின் பெயர் கொஞ்சம் பெரிசு: தாம்பத்திய உரிமை மீட்பு. எளிமையாகச் சொன்னால் 'சேர்ந்து வாழக் கோரும் மனு'. இன்றைக்கும் குடும்பநல கோர்ட்டில் நீங்க கேள்விப்படும் அதே மனுதான். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்தச் சட்டம் நம்ம சாஸ்திரம் எதிலும் இல்லை. இங்கிலாந்தில் தேவாலய நீதிமன்றங்கள் வைத்திருந்த பழைய வழக்கம். வெள்ளைக்காரர்கள் இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். அதைவிட வேடிக்கை, தாதாஜி வழக்குப் போட்ட அதே 1884ல் இங்கிலாந்து தன் நாட்டில் இந்த மனுவுக்குக் கீழ்ப்படியாதவர்களை ஜெயிலில் போடுவதை நிறுத்திவிட்டது. இங்கே மட்டும் ஜெயில் தொடர்ந்தது.

நீதிபதி ராபர்ட் ஹில் பின்ஹே 1885 செப்டம்பர் 21 அன்று தீர்ப்பு சொன்னார். அவருடைய வாதம் நேரானது. மீட்பு என்றால், ஏற்கெனவே சேர்ந்து வாழ்ந்து பிரிந்தவர்களை மறுபடி சேர்த்துவைப்பது. இவர்கள் இருவரும் ஒரு நாள்கூட கணவன் மனைவியாக வாழவில்லையே, அப்புறம் எதை மீட்பது? விவரம் தெரியாத வயசில் கட்டிவைத்த பெண்ணை, வளர்ந்த பிறகு அவள் விருப்பத்துக்கு மாறாக ஓர் ஆணிடம் தள்ளுவது காட்டுமிராண்டித்தனம் என்பது அவர் எண்ணம். தாதாஜியின் மனு தள்ளுபடி.

சாந்தி முகூர்த்தத்தைத் தள்ளிப்போட்ட சக்காராம் அர்ஜுனின் பிடிவாதம் எங்கே வந்து உதவியது என்று பார்த்தீங்களா? ஆனால் அதைப் பார்க்க அவர் இல்லை. தீர்ப்பு வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே இறந்துபோயிருந்தார்.

இதற்கு நடுவில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. 1885 ஜூன் 26 அன்று 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வில் ஒரு கடிதம் வந்தது. குழந்தைத் திருமணம் ஒரு பெண்ணின் படிப்பை, உடம்பை, மனசை என்ன செய்கிறது என்று விலாவாரியாக எழுதியிருந்தது. எழுதியவர் பெயர் இல்லை. 'ஓர் இந்துப் பெண்மணி' என்று மட்டும் இருந்தது. செப்டம்பர் 19 அன்று இரண்டாவது கடிதம், இந்த முறை விதவைகளைப் படுத்தும் பாடு பற்றி. ஊரே யார் இந்தப் பெண்மணி என்று பேசியது. ருக்மாபாய்தான். தன் வழக்கு கோர்ட்டில் இருக்கும்போதே, தன் பெயரைச் சொல்லாமல், தன் கதையாக மட்டும் சுருக்கிவிடாமல் எழுதியிருக்கிறார். இரண்டாவது கடிதம் வந்த இரண்டாம் நாள்தான் பின்ஹேயின் தீர்ப்பு.

தீர்ப்புக்கு அப்புறம்தான் நிஜமான சண்டை

ஜெயிச்சாச்சு, கதை முடிஞ்சுது என்று நினைச்சிருப்பீங்க. இல்லை. தீர்ப்பு வந்ததும் பம்பாய் மாகாணமே இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம் மலபாரி போன்ற சீர்திருத்தக்காரர்கள். ருக்மாபாய்க்காக ஒரு பாதுகாப்புக் குழுவே அமைந்தது. இன்னொரு பக்கம், வெள்ளைக்கார ஜட்ஜுக்கு எங்க கல்யாண முறை என்ன தெரியும் என்று கொதித்தவர்கள். பால கங்காதர திலகர் அந்தப் பக்கம்தான் இருந்தார். ஆமாம், நாம் பாடப் புத்தகத்தில் படிக்கும் அதே திலகர்.

அவர்களை வில்லன்கள் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். சுலபம். ஆனால் அவர்கள் எங்கிருந்து பேசினார்கள் என்பதையும் பாருங்க. நாடு அந்நியன் கையில். வரி, போலீஸ், கோர்ட், கல்வி எல்லாம் அவன் கையில். மிச்சம் இருந்த ஒரே இடம் வீடு. அந்த வீட்டுக்குள்ளும் அவன் சட்டம் வருகிறது என்ற பயம் நிஜமானது. பிரச்னை என்னன்னா, அந்த வீட்டைக் காப்பாற்றும் பாரம் முழுக்க ஒரு 20 வயசுப் பெண்ணின் தலையில் இறங்கியது. நம்ம கௌரவம், நம்ம பண்பாடு, நம்ம சுயமரியாதை எல்லாம் அவள் ஒரு குறிப்பிட்ட ஆளோடு போய்ப் படுப்பதில்தான் இருக்கிறது என்று நிறைய படிச்ச ஆண்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். நீங்க உங்க சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்பில் இதன் சின்ன வடிவத்தைப் பார்த்திருப்பீங்க. லவ் மேரேஜ் செய்த அத்தை பொண்ணால் குடும்ப மானமே போச்சு என்று ஆரம்பிப்பாங்களே, அதுதான்.

1886ல் மேல்முறையீடு. தலைமை நீதிபதி சார்லஸ் சார்ஜென்ட்டும் நீதிபதி பெய்லியும் பின்ஹேயின் தீர்ப்பை ரத்து செய்தார்கள். இந்து முறைப்படி சடங்கு முடிந்தால் கல்யாணம் முடிந்தது. பெண்ணின் சம்மதம் என்ற பேச்சே அங்கே இல்லை. வழக்கு மறுபடி கீழே வந்தது. 1887 மார்ச் 4 அன்று நீதிபதி ஃபேரன், கணவன் வீட்டுக்குப் போகணும், இல்லைன்னா ஆறு மாதச் சிறை என்றார்.

இதற்குச் சரியாக ஆறு நாள் முன்பு, பிப்ரவரி 26 அன்று, புனேயில் ஆனந்திபாய் ஜோஷி இறந்தார். அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்துத் திரும்பிய பெண். 21 வயசு. அவருக்கும் குழந்தைத் திருமணம்தான், 9 வயசில். ஆனால் அவரைப் படி படி என்று விரட்டியது அவருடைய கணவர். அந்த மரணத்துக்கு ஊரே கண்ணீர் விட்டது. கணவன் சொல்லிப் படித்த பெண்ணுக்கு மரியாதை. தானாகவே படிக்க ஆசைப்பட்டு, கணவன் வேண்டாம் என்ற பெண்ணுக்கு வசை. ஒரே மண், ஒரே வாரம்.

ஜெயிலுக்குப் போகிறேன் என்ற ருக்மாபாயின் பதில் எல்லாரையும் சங்கடத்தில் தள்ளியது. அரசாங்கத்துக்கும்தான். விக்டோரியா மகாராணியின் பொன்விழா வருடம் அது. ஒரு படித்த இளம்பெண்ணை, கணவனோடு போகாததற்காக மகாராணியின் ஜெயிலில் அடைத்தால் லண்டன் பத்திரிகைகள் சும்மா இருக்குமா? ஏப்ரலில் லண்டன் 'டைம்ஸ்' இதழிலேயே ருக்மாபாயின் கடிதம் வந்துவிட்டது. ஆணுக்கு 20, பெண்ணுக்கு 15 வயசுக்கு முன்னால் நடந்த கல்யாணம், கோர்ட்டுக்கு வந்தால் செல்லாது என்று ஒரு வரியைச் சட்டத்தில் சேர்க்கச் சொல்லி ராணியிடம் கேட்டிருந்தார். சமஸ்கிருத அறிஞர் மாக்ஸ் முல்லர் உட்பட வெளிநாட்டிலும் பலர் இதைப் பற்றிப் பேசினார்கள்.

இங்கே தாதாஜி தரப்பு ஒரு நீண்ட அறிக்கை வெளியிட்டது. பொண்ணு நல்லவள்தான், சொத்து கையைவிட்டுப் போகக் கூடாது என்று அவள் வீட்டார்தான் தடுக்கிறார்கள் என்கிற ரீதியில். ருக்மாபாய் பத்திரிகையிலேயே பதில் எழுதினார். அந்தக் கல்யாணத்தின் பின்கதை, மாமா வீட்டு நிலவரம், சொத்து மேல் யாருக்குக் கண் என்பதெல்லாம் வெளியே வந்தது. தன் வாழ்க்கையின் அந்தரங்கத்தைத் தானே கடை விரிக்க வேண்டிய நிலை. வேறு வழி இல்லை, இல்லைன்னா எதிர்த்தரப்பு சொன்னதுதான் கதையாக நின்றிருக்கும்.

ரூ.2,000க்கு முடிந்த கதை

இன்டர்நெட்டில் தேடினால், விக்டோரியா ராணியே தலையிட்டுக் கல்யாணத்தை ரத்து செய்தார் என்று பல இடங்களில் போட்டிருப்பார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு, சினிமா க்ளைமாக்ஸ் மாதிரி. நடந்தது அவ்வளவு கம்பீரமானது இல்லை. 1888 ஜூலையில் கோர்ட்டுக்கு வெளியே சமரசம் ஆனது. தாதாஜி 2,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, தீர்ப்பை நிறைவேற்றச் சொல்லிக் கேட்க மாட்டேன் என்று ஒப்புக்கொண்டார். நான்கு வருடச் சண்டை, பண்பாட்டுப் போர், ராணிக்குக் கடிதம் எல்லாம் கடைசியில் ஒரு ரசீதில் முடிந்தது.

இதில் ஒரு விஷயத்தை நல்லா கவனிங்க. கல்யாணம் ரத்தாகவில்லை. இந்துக்களுக்கு அன்று விவாகரத்து என்ற ஒன்றே சட்டத்தில் இல்லை. தாதாஜி ஆண், அவருக்கு இன்னொரு கல்யாணத்துக்குத் தடையில்லை. செய்துகொண்டார். ருக்மாபாய் சட்டத்தின் கண்ணில் தாதாஜியின் மனைவியாகவே தொடர்ந்தார். அவருக்கு வேறு யாரையாவது பிடித்திருந்தால்கூட, கல்யாணம் செய்துகொண்டிருக்க முடியாது. அவர் விலைகொடுத்து வாங்கியது கணவன் வீட்டுக்குப் போகாமல் இருக்கும் உரிமையை மட்டும்தான்.

அந்த உரிமையை வைத்துக்கொண்டு அவர் செய்த முதல் காரியம், படிக்கக் கிளம்பியது. பம்பாய் காமா மருத்துவமனையில் எடித் பீச்சி என்ற ஆங்கிலேய டாக்டர் இருந்தார். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்க இடம் கேட்டுப் போராடிய ஏழு பெண்களில் ஒருவர். சமூகம் ஒரு பெண்ணைப் பார்த்து 'இது உனக்கு இல்லை' என்று சொல்வது எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் ஊக்கப்படுத்தினார், பணம் திரட்ட உதவினார். 1889ல் ருக்மாபாய் கப்பல் ஏறினார். 11 வயசில் பள்ளிக்கூடத்தை விட்டவர், 24 வயசில் லண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளியில் மாணவி.

1894ல் பிரஸ்ஸல்ஸில் எம்.டி. பட்டம் பெற்றார். திரும்பி வந்தார். சூரத்தில் பெண்கள் மருத்துவமனைப் பொறுப்பு. பிற்பாடு ராஜ்கோட். மொத்தம் சுமார் 35 வருடம், குஜராத் பக்கத்துப் பெண்களுக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டு. இந்தியாவின் முதல் பெண் டாக்டர் இவர்தான் என்று சிலர் சொல்வார்கள். இல்லை. ஆனந்திபாயும், கல்கத்தாவின் காதம்பினி கங்குலியும் முன்பே பட்டம் வாங்கிவிட்டார்கள். காதம்பினி பிராக்டிஸும் பண்ணினார். எல்லாவற்றிலும் 'முதல்' யார் என்று பட்டம் சூட்டாமல் நமக்குத் தூக்கம் வராது. ருக்மாபாய்க்கு அது தேவையும் இல்லை.

அவர் லண்டனில் படித்துக்கொண்டிருந்தபோதே, இங்கே 1891ல் சம்மத வயதுச் சட்டம் வந்தது. மனைவியே ஆனாலும் உறவு கொள்வதற்கான குறைந்தபட்ச வயது 10லிருந்து 12 ஆனது. 12தான். அதற்கே பெரிய எதிர்ப்பு. வங்காளத்தில் ஃபுல்மோனி என்ற சுமார் 11 வயசுச் சிறுமி, கணவன் உறவுகொண்டதால் ரத்தம் போய்ச் செத்த பிறகுதான் அந்தச் சட்டம் வேகம் பிடித்தது. ருக்மாபாய் வழக்கு கிளப்பிய வாதங்கள் அதற்கு முன்பே மேடையைத் தயார் செய்திருந்தன.

அந்த வெள்ளைப் புடவை

இப்போ சொல்லப்போவதுதான் இவர் வாழ்க்கையில் என்னை ரொம்ப நேரம் யோசிக்கவைத்த இடம்.

1904ல் தாதாஜி இறந்தார். ருக்மாபாய்க்கு 40 வயசை நெருங்கிக்கொண்டிருந்தது. பெரிய டாக்டர். சொந்தச் சம்பாத்தியம். அந்த மனிதரோடு ஒரு நாள்கூட வாழ்ந்ததில்லை. அவரிடமிருந்து தப்பிக்க ஜெயிலுக்குப் போகவும் தயாராக இருந்தவர். அந்த ருக்மாபாய், தாதாஜி இறந்த செய்தி வந்ததும் விதவைகள் உடுத்தும் வெள்ளைப் புடவைக்கு மாறினார்.

முதல் தடவை இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. விதவைக் கோலம் எவ்வளவு கொடுமை என்று 1885லேயே பத்திரிகையில் எழுதியவர் இவர்தானே? மறுமணம் செய்துகொண்ட அம்மாவுக்குப் பிறந்தவர்தானே? எதற்காக?

ஏன் என்று அடித்துச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் யோசித்துப் பார்க்கலாம். அவருடைய நோயாளிகள் யார்? கோஷா பார்க்கும் வீடுகளிலிருந்து, ஆண் டாக்டர் தொடக் கூடாது என்பதற்காக மூடிய வண்டியில் வந்த பெண்கள். அவர்களை அனுப்பிவைக்கும் மாமியார்கள், மாமனார்கள். பம்பாய் வழக்கு யாருக்கும் மறந்திருக்காது. கணவன் செத்தும் கலர் புடவை கட்டிய டாக்டரம்மாவிடம் எத்தனை வீடுகள் தன் மருமகளை அனுப்பியிருக்கும்? ஒரு வெள்ளைப் புடவை கொடுத்து அவர் பல நூறு வீடுகளின் கதவைத் திறந்துவைத்துக்கொண்டிருக்கலாம். இல்லை, அது வெறும் கணக்கு இல்லாமலும் இருக்கலாம். வளர்ந்த வீட்டின் பழக்கம், ஊர்ப் பேச்சுக்கான சலிப்பு, சின்ன வயசு முதல் தன் வாழ்க்கையோடு பின்னிக்கிடந்த ஒரு பெயர் இல்லாமல் போனதில் வரும் ஏதோ ஒன்று. ஒரு மனுஷி கோர்ட்டில் ஊரை எதிர்த்து நின்றார் என்பதற்காக, மிச்ச வாழ்நாள் முழுக்க ஒவ்வொரு நாளும் எதிர்த்துக்கொண்டே இருக்கணும்னு நாம் எதிர்பார்ப்பது நியாயமா? உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். வீட்டை எதிர்த்து வேலைக்குப் போயிருப்போம், வீட்டை எதிர்த்துக் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டிருப்போம். ஆனால் பெரியப்பா வந்தால் ஜீன்ஸை மாற்றிக்கொண்டு சுடிதாரோடு காபி எடுத்துட்டுப் போவோம். பெரிய சண்டையில் விட்டுக்கொடுக்காத ஆட்கள் சின்ன விஷயங்களில் வளைந்துகொடுப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் நிச்சயம். அவர் அடங்கிப்போய்விடவில்லை. வேலையிலிருந்து ஓய்வுபெறும் சமயத்தில், 60 வயசைத் தாண்டிய பிறகு, 1929ல் கோஷா முறையை ஒழிக்கவேண்டும் என்று ஒரு கட்டுரை எழுதினார். இளம் விதவைகளை வீட்டுக்குள் அடைத்துவைப்பதைப் பற்றி அதில் பேசினார். வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டுதான் எழுதினார். 'ஓர் இந்துப் பெண்மணி' அல்ல, இந்தத் தடவை சொந்தப் பெயரில். அதே 1929ல்தான் பெண்ணின் குறைந்தபட்சத் திருமண வயதை 14 என்று வைத்த சாரதா சட்டமும் நிறைவேறியது. லண்டன் டைம்ஸில் அவர் கேட்ட 15ஐவிட ஒன்று குறைவு.

90 வயசு வரை

இன்னொரு கல்யாணம் இல்லை. சொந்தக் குழந்தைகள் இல்லை. ஆனால் இத்தனை வருடத்தில் அவர் கையில் பிறந்து, நல்லபடியாக அம்மா மடிக்குப் போன குழந்தைகளுக்கு யாரும் கணக்கு வைக்கவில்லை. ஓய்வுக்குப் பிறகு பம்பாய்க்குத் திரும்பினார். சுதந்திரம் வந்தது. அரசியல் சாசனம் வந்தது. ஓட்டுரிமை வந்தது. அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். 2016ல் அனந்த் மகாதேவன் இவர் கதையை 'டாக்டர் ரக்மாபாய்' என்று மராத்தியில் படமாக எடுத்தார். கிடைத்தால் பாருங்க.

1955 மே 18 அன்று இந்து திருமணச் சட்டம் அமலுக்கு வந்தது. கல்யாணமான இந்துப் பெண்ணுக்கு விவாகரத்து கேட்கும் உரிமை நாடு முழுவதற்குமான சட்டமாக முதல்முறை கிடைத்தது. தாதாஜி வழக்குப் போட்டு 71 வருடம் ஆகியிருந்தது. அதே சட்டத்தின் 9வது பிரிவு என்ன தெரியுமா? தாம்பத்திய உரிமை மீட்பு. தாதாஜி எந்தப் பெயரில் வழக்குப் போட்டாரோ, அதே பெயரில். இப்போது மனைவியும் போடலாம், ஜெயில் தண்டனை கிடையாது, அவ்வளவுதான் மாற்றம். இங்கிலாந்து 1970ல் இதைத் தூக்கிப்போட்டுவிட்டது. 1983ல் நம்ம தமிழ்ப் படங்களிலும் நடித்த ஒரு நடிகையின் வழக்கில் ஆந்திர உயர் நீதிமன்றம், இந்தப் பிரிவு செல்லாது என்றது. அடுத்த வருடமே உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், செல்லும் என்றது. 2019ல் மறுபடி ஒரு மனு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

ருக்மாபாய் அந்தச் சட்டம் வந்த நான்கு மாதத்தில், 1955 செப்டம்பர் 25 அன்று, பம்பாயில் காலமானார். நுரையீரல் புற்றுநோய். இன்னும் இரண்டு மாதம் இருந்திருந்தால் 91 வயசு.